ஸட்ஜத்தைச் சொல்லிவிட்டு எழுதுங்கள்: நொட்டேஷன் மென்பொருளோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு

செட்டியார்பட்டி, தளவாய்புரம், சேத்தூர் என்று எங்கள் பக்கத்தில் கம்ப்யூட்டரில் பாட்டு எழுதுகிறவர்கள் ஓரளவுக்கு இருக்கிறார்கள். சர்ச்சில் பாடகர் குழுவைப் பார்த்துக்கொள்பவர், கல்யாண பேண்டில் கிளாரினெட் வாசிப்பவர், சாயங்காலம் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் எல்லாரும் இதில் அடக்கம். ஆள் வேறு வேறு என்றாலும் புலம்பல் ஒன்றுதான்: “அண்ணாச்சி, நான் ஒண்ணு அடிச்சா அது ஒண்ணு எழுதுது.”

அவர்களுக்குப் போனில் துண்டு துண்டாகச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதி வைக்கலாம் என்றுதான் இந்தப் பதிவு. நீளமானது. உங்கள் சிக்கல் எந்தத் தலைப்பில் இருக்கிறதோ அங்கே நேராகப் போய்விடலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோளாறு என்று வருபவற்றில் பெரும்பாலானவை கோளாறே இல்லை. இந்த மென்பொருட்கள் மேற்கத்திய ஐந்து கோட்டு ஸ்டாஃபுக்காகப் பிறந்தவை. நம் ஸட்ஜம் எது, ராகம் எது, தாளம் எது, பாட்டு எந்த மொழியில் இருக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. பாவு ஓட்டாமல் தறியில் உட்காருகிற நெசவாளி எங்கள் ஊரில் கிடையாது. இங்கேயும் முதல் ஸ்வரத்துக்கு முன்பு இந்த நாலையும் சொல்லிவிட வேண்டும். சொல்லிவிட்டால் பாதித் தலைவலி போய்விடும்.

எதை இறக்குவது?

மியூஸ்கோர். காசு கிடையாது. 2002-ல் வெர்னர் ஷ்வீர் என்ற ஜெர்மன்காரர் தொடங்கிய திறமூல மென்பொருள். 2022 டிசம்பரில் நாலாம் பதிப்பு வந்தது. இலவசமாகவே கிடைக்கும்போது, காசு கொடுத்து வாங்க வேண்டிய சிபெலியஸ் மென்பொருளின் திருட்டுப் பிரதி பென் டிரைவில் எதற்கு?

இதில் ஒரு குழப்பம் இருக்கிறது. மென்பொருள் கிடைப்பது ‘மியூஸ்கோர் டாட் ஆர்க்’ தளத்தில். ‘மியூஸ்கோர் டாட் காம்’ என்பது மற்றவர்கள் எழுதிய பாட்டுத் தாள்களைப் பகிரும் தளம். அங்கேதான் சந்தா கேட்பார்கள். மென்பொருளுக்கு என்று நினைத்து அங்கே கார்டு எண்ணைக் கொடுத்துவிடாதீர்கள்.

அடுத்தது, உங்கள் கம்ப்யூட்டரின் வயது. நாலாம் பதிப்புக்கு 64 பிட் கம்ப்யூட்டர் வேண்டும், நினைவகமும் தாராளமாக வேண்டும். பள்ளிக்கூடத்தில் அரசு கொடுத்த பழைய லேப்டாப்தான் வீட்டில் இருக்கிறது என்றால் 3.6.2 பதிப்பை இறக்குங்கள். பாட்டு எழுத அதுவே போதும். ஆனால் நாலில் சேமித்த கோப்பை மூன்று திறக்காது. “நண்பர் அனுப்பிய ஃபைல் ஓப்பன் ஆகலை” என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். அவரிடம் மியூசிக்எக்ஸ்எம்எல் வடிவில் ஏற்றுமதி செய்து அனுப்பச் சொல்லுங்கள்.

ஸட்ஜமும் கட்டையும்

ஒரு கட்டை என்றால் சி. இரண்டு டி, மூன்று இ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ, ஏழு பி. இடையில் வரும் அரைக் கட்டைகள் கறுப்புக் கட்டைகள். இந்தக் கணக்கு ஆர்மோனியம் தொட்ட எல்லாருக்கும் தெரியும்.

என் யோசனை: யார் பாடினாலும் முதலில் ஒரு கட்டையில், அதாவது சி-யை ஸட்ஜமாக வைத்து எழுதி முடியுங்கள். பிழை பார்ப்பது சுலபம். பிறகு மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து ‘டூல்ஸ்’ மெனுவில் ‘டிரான்ஸ்போஸ்’ கொடுத்துப் பாடுகிறவரின் கட்டைக்கு ஏற்றிவிடலாம்.

ஏற்றும்போது பெயரில் கவனம் வேண்டும். ஐந்தரைக் கட்டைக்கு ‘ஜி ஷார்ப்’ என்று கொடுத்தால் தாள் முழுக்க இரட்டை ஷார்ப் முளைக்கும். அதே ஸ்தானத்துக்கு ‘ஏ ஃபிளாட்’ என்று கொடுங்கள், நாலு ஃபிளாட்டோடு முடிந்துவிடும். ஒன்றரைக் கட்டைக்கும் ‘சி ஷார்ப்’பைவிட ‘டி ஃபிளாட்’ நல்லது. காதுக்கு இரண்டும் ஒன்றுதான். படிக்கிற கண்தான் பிழைத்துக்கொள்ளும்.

ராகம்: ஒரே கட்டைக்கு இரண்டு பெயர்

அதிகம் பேர் தடுக்கி விழுகிற இடம் இது.

சி-யை ஸட்ஜமாக வைத்தால் சங்கராபரணத்துக்கு முன்குறி (கீ சிக்னேச்சர்) ஒன்றும் வேண்டாம். கல்யாணிக்கு ஒரு ஷார்ப். ஹரிகாம்போஜிக்கு ஒரு ஃபிளாட், கரகரப்பிரியாவுக்கு இரண்டு, நடபைரவிக்கு மூன்று, தோடிக்கு நாலு. மென்பொருளின் முன்குறிப் பட்டியலில் ஒரு ஷார்ப்புக்கு நேரே ‘ஜி மேஜர்’ என்று போட்டிருக்கும். “நான் கல்யாணி எழுதுறேன், இது ஏன் ஜி மேஜர்ங்குது?” என்று பதற வேண்டாம். அது அவர்கள் வைத்த பெயர். நமக்கு வேண்டியது எஃப் மேல் விழும் அந்த ஷார்ப், அதாவது பிரதி மத்தியமம்.

சரளி வரிசையின் மாயாமாளவகௌளைக்கு இந்தப் பட்டியலில் இடமில்லை. ரிஷபமும் தைவதமும் ஃபிளாட். காந்தாரமும் நிஷாதமும் இயல்பு. அப்படி ஒரு முன்குறி மேற்கத்திய வழக்கத்தில் கிடையாது. ‘மாஸ்டர் பேலட்’டில் போய் நாமே ஒன்று செய்துகொள்ளலாம். இல்லையென்றால் முன்குறி இல்லாமல் எழுதி, வேண்டிய ஸ்வரத்துக்கு முன்னால் ஃபிளாட் போட்டுக்கொள்ளலாம். கற்றுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இரண்டாவது வழிதான் தெளிவு.

உண்மையான சோதனை விவாதி ஸ்வரங்களில் வருகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்குப் பழக்கமான ஒன்றையே எடுத்துக்கொள்வோம். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் திருப்பாவைக்கு மெட்டமைத்தபோது முதல் ஐந்து பாசுரங்களுக்கு நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று கன ராக பஞ்சகத்தையே வரிசையாக வைத்தார். மார்கழியில் மாணவர்களுக்கு இதை ஸ்டாஃபில் எழுதிக் கொடுக்கப் போனால் முதல் பாசுரத்திலேயே மென்பொருள் மக்கர் பண்ணும்.

நாட்டையில் வருவது ஷட்ஸ்ருதி ரிஷபம். கீபோர்டில் அது டி-க்கும் இ-க்கும் நடுவில் இருக்கும் கறுப்புக் கட்டை. சாதாரண காந்தாரமும் அதே கட்டைதான். மிடி கீபோர்டை இணைத்து அந்தக் கட்டையை அழுத்தினால் மென்பொருள் பெரும்பாலும் ‘இ ஃபிளாட்’ என்று எழுதிவிடும். ஸ்டாஃபில் அது காந்தாரத்தின் இடத்தில் போய் உட்காரும். கேட்டால் சரி, படித்தால் ராகமே தப்பு. நமக்கு வேண்டியது ‘டி ஷார்ப்’. தைவதத்துக்கும் இதே கதை: ‘பி ஃபிளாட்’ வேண்டாம், ‘ஏ ஷார்ப்’ வேண்டும்.

மருந்து ஒரே விசை. ஸ்வரத்தைத் தேர்ந்தெடுத்து ஜே எழுத்தை அழுத்துங்கள். ஒலி மாறாது, பெயர் மட்டும் மாறிக்கொண்டே வரும். வேண்டிய பெயர் வந்ததும் நிறுத்துங்கள். எழுத்து விசையில் அடிப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. மேல் அம்பு ஷார்ப்பாக ஏற்றும், கீழ் அம்பு ஃபிளாட்டாக இறக்கும். எனவே டி அடித்து மேல் அம்பை அழுத்தினால் நேராக ‘டி ஷார்ப்’ வந்துவிடும்.

நாலாவது பாசுரத்தின் வராளி இன்னும் ஒரு படி மேல். அதன் சுத்த காந்தாரம் கீபோர்டில் வெள்ளைக் கட்டையான டி. ஆனால் எழுத வேண்டியது ‘இ இரட்டை ஃபிளாட்’. ஜே விசை இல்லாமல் இதைச் செய்யப் போனால் பொறுமை போய்விடும். பன்னிரண்டு ஸ்வர ஸ்தானங்களுக்குப் பதினாறு பெயர் வைத்தது நம் முறை; கம்ப்யூட்டர் பன்னிரண்டோடு நின்றுவிடுகிறது. மீதி நாலை நாம்தான் சொல்ல வேண்டும்.

தாளம்

ஆதி தாளத்துக்கு 4/4-ல் இரண்டு பார் வைக்கலாம், 8/4-ல் ஒரே பாராகவும் வைக்கலாம். எனக்கு 8/4 பிடிக்கும். ஓர் ஆவர்த்தனம் ஒரு பாரில் அடங்கும். ரூபகத்துக்கு 3/4. கண்ட சாபுக்கு 5/8, மிஸ்ர சாபுக்கு 7/8.

மிஸ்ர சாபில் மூன்றும் நாலுமாகப் பிரிய வேண்டிய ஸ்வரங்களை மென்பொருள் வேறு மாதிரி வால் கட்டி வைக்கலாம். தாளக் குறியின் மேல் வலது கிளிக் செய்து அதன் ‘பிராப்பர்ட்டீஸ்’ பெட்டியில் குழுக்களை மாற்றுங்கள். அங்கேயே 7 என்பதற்குப் பதில் 3+4 என்று அச்சாகும்படியும் வைக்கலாம். பாடுகிறவருக்குத் தகிட தகதிமி கண்ணுக்கே தெரிந்துவிடும்.

மூன்று காலம் எழுதுகிற டீச்சர்களுக்கு இது கட்டாயம் உதவும். அட்சரத்துக்கு ஒரு ஸ்வரம் என்றால் கால அளவுக்கு எண் 5, இரண்டாம் காலத்துக்கு 4, மூன்றாம் காலத்துக்கு 3. ஆனால் சரளி வரிசையை மூன்று முறை அடிக்கத் தேவையில்லை. முதல் காலத்தை எழுதி நகலெடுங்கள். கன்ட்ரோல், ஷிப்ட், க்யூ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் பாதி அளவில் ஒட்டும். இரண்டாம் காலம் தயார். அதையே மறுபடி நகலெடுத்து அதே மாதிரி ஒட்டினால் மூன்றாம் காலம். க்யூவுக்குப் பதில் டபிள்யூ அழுத்தினால் இரட்டிப்பு அளவில் ஒட்டும்.

திஸ்ரத்துக்கு: முழுக் குழுவின் அளவை முதலில் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோலோடு 3 அழுத்தி, பிறகு மூன்று ஸ்வரத்தை அடிக்க வேண்டும். கண்ட நடைக்கு கன்ட்ரோலோடு 5. மூன்று ஸ்வரத்தை அடித்துவிட்டுக் கடைசியில் திஸ்ரமாக்கப் பார்த்தால் நடக்காது. நிறையப் பேர் இதில்தான் மாட்டுகிறார்கள்.

“அழிச்சா போக மாட்டேங்குது” என்பது இன்னொரு புகார். டிலீட் அழுத்தினால் ஸ்வரம் போய் அந்த இடத்தில் மௌனக் குறி வரும். தாளக் கணக்கு கெடாமல் இருக்க மென்பொருள் அப்படித்தான் செய்யும். பாரையே தூக்க வேண்டுமானால் கன்ட்ரோலோடு டிலீட். ஒரு பாரின் மேல் மூலையில் சின்னதாக + அல்லது - தெரிந்தால், அந்தப் பாரில் அட்சரம் கூடவோ குறையவோ இருக்கிறது என்று பொருள். சமத்துக்கு முன்பே எடுப்பு வரும் பாட்டுக்கு நாமே அப்படிக் குறைத்து வைப்போம். மற்ற இடத்தில் தெரிந்தால் சரிபாருங்கள்.

தமிழில் பாட்டு வரி

முதல் ஸ்வரத்தைத் தேர்ந்தெடுத்து கன்ட்ரோலோடு எல் அழுத்தினால் பாட்டு வரி எழுதலாம். இடைவெளி விட்டால் அடுத்த ஸ்வரத்துக்குப் போகும். ஒரே சொல்லின் அடுத்த அசைக்குச் சிறு கோடு. கார்வைக்கு அடிக்கோடு.

ஆனால் நேராக அங்கேயே தமிழில் அடிப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். முதலில் நோட்பேடில் அசை பிரித்து எழுதுங்கள். செட்-டி-யார்-பட்-டி என்ற மாதிரி. மொத்தத்தையும் நகலெடுத்து, முதல் ஸ்வரத்தைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோலோடு எல் அழுத்திவிட்டு, கன்ட்ரோலோடு வி-யைத் திரும்பத் திரும்ப அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஓர் அசை போய் ஒட்டும்.

அசை பிரிக்கையில் புள்ளி எழுத்தைத் தனியாக விடக் கூடாது. முந்தைய எழுத்தோடு சேர்த்துவிடுங்கள். எங்காவது வெறும் புள்ளி வட்டத்தோடு ஒரு கால் எழுத்தோ கொம்போ நின்றால், உயிர்மெய்யின் நடுவில் வெட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

பாட்டு வரியின் எழுத்துருவை ‘ஃபார்மட்’, ‘ஸ்டைல்’, ‘டெக்ஸ்ட் ஸ்டைல்ஸ்’ வழியாக லதா, நிர்மலா, நோட்டோ தமிழ் போன்ற யூனிகோட் எழுத்துருவுக்கு மாற்றிவிடுங்கள். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்த பாட்டுப் புத்தகத்திலிருந்து வெட்டி ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டுத்தான் ஒட்ட வேண்டும்.

ஸ்வரப் பெயரும் கீழே வேண்டும் என்பவர்கள் பாட்டு வரியில் இருக்கும்போது என்டர் தட்டினால் இரண்டாம் வரி திறக்கும். அதில் ஸ ரி க ம எழுதலாம். மேல் ஸ்தாயிக்கும் கீழ் ஸ்தாயிக்கும் புள்ளி வைக்க மெனக்கெட வேண்டாம். பல தமிழ் எழுத்துருக்களில் அந்தப் புள்ளி தாறுமாறாக விழும். ஸ்தாயியை ஸ்டாஃபே காட்டிவிடுகிறதே.

அச்சுக்கு சிவகாசி போகிறவர்கள் பிடிஎஃப் மட்டும் கொடுங்கள். அதில் எழுத்துரு உள்ளேயே பதிந்திருக்கும். தாள் அளவு ஏ4 என்று இருக்கிறதா என்பதைப் போவதற்கு முன் பாருங்கள். அச்சகத்தில் பாட்டு வரியை மறுபடி அடிக்கிறேன் என்றால் விடாதீர்கள். அசைக்கு நேரே ஸ்வரம் நிற்காது.

பேண்டுக்காரர்களுக்கு

கிளாரினெட்டும் டிரம்பெட்டும் ‘பி ஃபிளாட்’ வாத்தியங்கள். அவர் தாளில் சி என்று படித்து ஊதினால் காதில் விழுவது பி ஃபிளாட். எனவே ஒரு கட்டைப் பாட்டுக்கு அவர் தாளில் இரண்டு கட்டை இருக்க வேண்டும். மென்பொருளுக்கு இது தெரியும், வாத்தியத்தைச் சரியாகத் தேர்ந்தெடுத்திருந்தால்.

திரையின் கீழே ‘கான்சர்ட் பிட்ச்’ என்று ஒரு பொத்தான் இருக்கும். அது எரிந்தால் எல்லாருக்கும் கேட்கிற சுருதியே தாளில் தெரியும். எழுதும்போது எரியட்டும். தாள் எடுக்கும்போது அணைத்துவிடுங்கள். ஊர்வலத்தில் கிளாரினெட் மட்டும் ஒரு ஸ்வரம் கீழே போகிறதென்றால் காரணம் பெரும்பாலும் இந்தப் பொத்தான்தான்.

பாடகர் குழுவில் ஆண் டெனர் குரல் கம்ப்யூட்டரில் ஒரு ஸ்தாயி மேலே கேட்கிறதா? கீழே சின்னதாக 8 போட்ட டிரெபிள் கிளெஃபை வையுங்கள்.

சத்தமும் கமகமும்

சத்தமே வரவில்லை என்றால் எஃப்10 அழுத்தி மிக்சரைத் திறந்து, மியூட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, ‘பிரிஃபரன்சஸ்’ பெட்டியில் ஒலி எந்தக் கருவிக்குப் போகிறது என்று பாருங்கள். அணைத்து வைத்த புளூடூத் ஹெட்செட்டுக்குப் போய்க்கொண்டிருக்கலாம். சத்தம் விக்கி விக்கி வந்தால், மியூஸ் சவுண்ட்ஸ் என்ற கனமான ஒலித் தொகுப்பு உங்கள் கம்ப்யூட்டருக்குத் தாங்கவில்லை. மிக்சரிலேயே ‘எம்எஸ் பேசிக்’கிற்கு மாற்றுங்கள். பியானோ அவ்வளவு அழகாக இருக்காது, ஆனால் வேலை ஓடும்.

கமகம் வராது. இதை மட்டும் ஏற்றுக்கொண்டுதான் ஆக வேண்டும். தோடியின் காந்தாரத்தை அது மொட்டையாக வாசிக்கும். அந்தச் சத்தத்தை வைத்து “ஸ்வரம் தப்பு” என்று திருத்தப் போகாதீர்கள். ஜாருவுக்கு ‘கிளிசாண்டோ’ கோடும், கம்பிதத்துக்கு அலைக்கோடும் வரைந்து வைக்கலாம். பாடுகிறவருக்கு அது நினைவூட்டல். கமகத்தோடு கேட்டே ஆக வேண்டும் என்றால் கர்நாடக இசைக்கென்றே செய்யப்பட்ட ‘காயகா’ மாதிரியான மென்பொருளைப் பாருங்கள்.

நம் இசையும் ஸ்டாஃபும் போடும் இந்தச் சண்டை புதியதும் இல்லை. சென்னையில் ஏ.எம். சின்னசாமி முதலியார் 1893-லேயே நம் கீர்த்தனைகளை ஐரோப்பிய ஸ்டாஃபில் அச்சிட்டார். அவருடைய தூண்டுதலில், எங்களுக்கு அதிக தூரமில்லாத எட்டயபுரத்தில், சுப்பராம தீட்சிதர் 1904-ல் ‘சங்கீத சம்பிரதாய ப்ரதர்சினி’யை வெளியிட்டார். புத்தகம் தெலுங்கு; செலவைத் தாங்கியது எட்டயபுரம் சமஸ்தானம். தீட்சிதர் ஸ்டாஃபை எடுத்துக்கொள்ளவில்லை. நம் ஸ்வர எழுத்துகளையே வைத்து, ஒவ்வொரு கமகத்துக்கும் தனிக் குறி வைத்தார். கருவி எதுவானாலும், நம் இசைக்கு என்ன தேவை என்று முடிவு செய்தவர் அவர்.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். பண்ணைப்புரத்து இளையராஜா ஸ்டாஃபில் எழுதித்தான் 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவை வைத்துத் தம் ‘வேலியன்ட்’ சிம்பொனியை அரங்கேற்றினார். பல பேர் சேர்ந்து வாசிக்கும் இடத்தில் ஸ்டாஃபை மிஞ்ச ஒன்றும் இல்லை. தனியாகப் பாடும் கீர்த்தனைக்கு நம் ஸ்வரக்குறிப்பும் குருவின் குரலும் போதும். இரண்டில் உங்கள் வேலைக்கு எது என்று பார்த்து எடுங்கள்.

சேமிப்பு

கரண்டு போய்க் கோப்பு போச்சு என்றால் பதறாதீர்கள். நாலாம் பதிப்பு, உங்கள் கோப்பு இருக்கும் ஃபோல்டருக்குள்ளேயே ‘பேக்கப்’ என்று முடியும் பெயரில் ஒரு மறைவான ஃபோல்டரில் முந்தைய பிரதியை வைத்திருக்கும். மறைந்த கோப்புகளைக் காட்டும்படி விண்டோஸில் மாற்றினால் தெரியும்.

இதைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. 1988-லிருந்து உலகம் முழுக்கப் பயன்பட்ட ஃபினாலே மென்பொருளை அதன் நிறுவனம் 2024 ஆகஸ்ட் 26 அன்று இத்தோடு முடிந்தது என்று அறிவித்துவிட்டது. அதில் வாழ்நாள் உழைப்பை வைத்திருந்தவர்கள் அவசரமாக வேறு வடிவத்துக்கு மாற்ற வேண்டியதாயிற்று. 1904-ல் எட்டயபுரத்தில் அச்சான தாளை இன்றும் படிக்க முடிகிறது. இருபது வருடத்துக்கு முந்தைய கோப்பைத் திறக்க ஆள் தேட வேண்டியிருக்கிறது.

அதனால் ஒவ்வொரு பாட்டையும் மூன்று வடிவில் வையுங்கள்: மென்பொருளின் சொந்தக் கோப்பு, மியூசிக்எக்ஸ்எம்எல், பிடிஎஃப். நடுவில் இருப்பது 2004-ல் வந்த பொது வடிவம். சிபெலியஸ், டோரிகோ, மியூஸ்கோர் எல்லாம் அதைப் படிக்கும். பிடிஎஃப்பை ஒரு முறை காகிதத்திலும் எடுத்து வைத்துவிடுங்கள்.

கேட்கும்போது

இத்தனைக்குப் பிறகும் சிக்கல் வந்தால் தாராளமாகக் கேளுங்கள். ஆனால் “வேலை செய்யலை” என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தப் பதிப்பு, எத்தனையாவது பார், என்ன அடித்தீர்கள், என்ன வந்தது, இந்த நாலையும் சொல்லுங்கள். கூடவே கோப்பையும் அனுப்புங்கள். திரையை மொபைலில் கோணலாக எடுத்த போட்டோவில் ஷார்ப்பும் நேச்சுரலும் ஒரே மாதிரி தெரியும்.

இன்னொரு வேண்டுகோள். சினிமாப் பாட்டுகளுக்கு ஸ்டாஃப் தாள் இணையத்தில் ஏற்கெனவே கொட்டிக் கிடக்கிறது. உங்கள் தெருவில் முளைப்பாரிக்குப் பாடும் கும்மிக்கும், வீட்டுப் பாட்டிக்கு மட்டும் தெரிந்த தாலாட்டுக்கும் ஒரு தாள் கிடையாது. மென்பொருள் பழக எப்படியும் ஏதாவது ஒரு பாட்டு வேண்டும். அவற்றில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாடுகிறவரின் ஸட்ஜத்தைக் கண்டுபிடித்துவிட்டு எழுத ஆரம்பியுங்கள்.